பாப்பா எத்தனை கிலோ?

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். சென்னை ரிட்சி தெருவில் குறுகலான படி ஏறினால் வரும் பத்துக்குப் பத்து அறை. என் லேப்டாப்பில் ‘ழ’ விழாமல் போய் எட்டு நாள். அந்த எட்டு நாளும் ‘வாளைப்பளம்’ என்று கட்டுரை எழுதி, பத்திரிகை ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் பாயிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மேஜை நிறைய வயிறு திறந்து கிடந்த லேப்டாப்புகள். அப்போதுதான் சார் வந்தார். கையில் ஃபைல். ஃபைலுக்குள் எக்ஸெல் அட்டவணை, 14 மாடல், கலர் பிரிண்ட்.

சார்: பாய், நான் வாங்க வரல. ஒப்பீனியன் கேக்க வந்தேன். பொண்ணு ஏழாங்கிளாஸ். லேப்டாப் முடிவு பண்ணிட்டேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

பாய்: முடிவு பண்ணிட்டீங்கன்னா சரி சார்.

சார்: எதுன்னு கேக்க மாட்டீங்களா?

பாய்: சொல்லாமயா போகப் போறீங்க?

சார்: 15.6 இன்ச். 16 ஜிபி ராம். 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. கீபோர்டுல கலர் கலரா லைட் எரியும். 89,990 ரூபா. நோ காஸ்ட் இஎம்ஐ.

பாய்: பாப்பா எத்தனை கிலோ சார்?

சார்: யாரு, பொண்ணா? 30 இருப்பா. எதுக்கு?

பாய்: ஸ்கூல் பை உடம்பு எடையில பத்துல ஒரு பங்குதான் இருக்கணும்னு 2020ல டெல்லியிலேருந்து கொள்கையே போட்டாங்க. ஆறாவது, ஏழாவதுக்கு 2லேருந்து 3 கிலோ. நீங்க சொல்ற மெஷின் ரெண்டே கால் கிலோ. அதோட வர்ற அடாப்டர் செங்கல் அரைக் கிலோவுக்கு மேல. கணக்கு முடிஞ்சுபோச்சு. புக்கு, தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாம் நீங்க தூக்கிட்டுப் பின்னாடியே போவீங்களா?

சார்: வீட்டுலதானே பாய் வச்சுக்கப் போறா. ப்ராஜெக்ட் பண்ண. போன வாரம்கூட எரிமலை பத்தி பத்து ஸ்லைடு கேட்டிருந்தாங்க.

பாய்: எரிமலை பத்தியா, எரிமலை மேலயேவா? அந்த மெஷின் அடிக்கிற சூட்டுக்குக் கேட்டேன். மெத்தை மேல வச்சா காத்து போற ஓட்டை அடைச்சுக்கும். அப்புறம் ஃபேன் போடற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவாரு. சரி, அந்த நோ காஸ்ட் விஷயம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?

சார்: பேங்க்ல. லோன் செக்‌ஷன்.

பாய்: வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2013லயே ரிசர்வ் வங்கி சொல்லிருச்சுன்னு உங்களுக்கு நானா சொல்லணும்? குடுக்க வேண்டிய தள்ளுபடியைக் குடுக்காம, அதையே வட்டின்னு எடுத்துக்கறாங்க. கிரெடிட் கார்டுல போட்டா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற.

சார்: தெரியும் பாய். கஸ்டமருக்கு நானே தினம் சொல்றதுதான். எனக்கு எடுத்துச் சொல்லத்தான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல.

சாருக்காக இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நானும் என் லேப்டாப்பை, மூடும்போது வந்த ‘டப்’ சத்தம் பணக்காரத்தனமாக இருந்தது என்பதற்காக வாங்கியவன். அதில் ‘ழ’ எத்தனை வருஷம் விழும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சார்: சரி, அதை விடுங்க. ஒன்பதாவது மாடல். ரைசன் 7320யு. 7000 சீரிஸ், லேட்டஸ்ட். கூட்டிப் பாருங்க, 7, 3, 2, 0. மொத்தம் 12. ஒண்ணும் ரெண்டும் மூணு. குரு எண். படிப்புக்கு நல்லது.

பாய்: நீங்க நாலையும் கூட்டுறீங்க. நான் மூணாவதை மட்டும் பாப்பேன். அந்த வரிசையில மூணாவது எண்தான் உள்ள இருக்கிற கட்டமைப்பு. 2ன்னா ஜென் 2. அது 2019லயே வந்தது.

சார்: ஆக, பழைய கள்ளு, புது மொந்தை!

பாய்: மொந்தை எல்லாம் எனக்குத் தெரியாது சார். எரிமலைக்கு அது தாராளம். புதுசுன்னு சொல்லி விலை ஏத்தினா குடுக்காதீங்க, அவ்ளோதான். இன்னொண்ணு, அந்தச் சிப்போட வர்ற ராமைப் போர்டுலயே பத்தவச்சிருப்பாங்க. 8 ஜிபின்னா சாகற வரைக்கும் 8 ஜிபிதான். குரு பார்த்தாலும் கூடாது.

சார்: (அட்டவணையில் பேனாவால் ஒரு கோடு கிழித்து) அப்போ ஆறாவது மாடல். இதுல நீங்க ஒண்ணும் பேச முடியாது. மிலிட்டரி கிரேடு! மில்-எஸ்டிடி-810எச். அமெரிக்க ராணுவத் தரம்.

பாய்: அது ராணுவம் எழுதி வச்ச சோதனைப் பட்டியல். வெயில், புழுதி, அதிர்ச்சி, உயரம்னு இருபதுக்கு மேல பாடம் இருக்கு. எந்தப் பாடத்துல பரீட்சை எழுதறதுன்னு லேப்டாப் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கலாம். பேப்பரையும் அவங்களே திருத்திக்கலாம். பாஸ்னு முத்திரை குத்த ராணுவத்துல ஆபீஸ் எதுவும் கிடையாது.

சார்: எங்க பொண்ணு ஸ்கூல்ல இந்த முறை வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!

பாய்: ஏமாத்தறாங்கன்னு சொல்லல. சிலது நெசமாவே கெட்டியா இருக்கும். எந்தச் சோதனைன்னு கேட்டு வாங்குங்க. மலை உச்சியில வேலை செய்யும்னு பாஸ் பண்ணியிருந்தா உங்களுக்கு என்ன லாபம்? நீங்க இருக்கற வேளச்சேரியே பள்ளத்துல இருக்கு. இங்க வாங்க, இவங்களைப் பாருங்க.

பாய் எழுந்து மேஜையின் மறுகோடிக்குப் போனார். சார் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார். ஆஸ்பத்திரி வார்டில் சொந்தக்காரரைத் தேடுகிறவர் மாதிரி.

பாய்: இது ஒரு டாக்டர் வீட்டுப் பையனோடது. கீபோர்டு மேல பென்சிலை வச்சுட்டு மூடியை அமுக்கி மூடிட்டான். டிஸ்பிளே போச்சு. இதுவும் மிலிட்டரி கிரேடுதான். அமெரிக்காக்காரன் பட்டியல்ல நடராஜ் பென்சில் இல்ல. இது சார்ஜர் ஒயர்ல தம்பி கால் தடுக்கினது. சார்ஜிங் பின் தனியா ஒயர்ல வந்திருந்தா கொஞ்சத்துல முடிஞ்சிருக்கும். போர்டோட பத்தவச்சிருந்தான், போர்டே போச்சு. இது பால். சர்க்கரை போட்ட பால்.

சார்: ஏதோ நகருதே!

பாய்: எறும்பு. குடும்பத்தோட இருக்கு. பழைய திங்க்பேடு பலதுல கீபோர்டுக்குக் கீழ தண்ணி வடியற ஓட்டை வச்சிருப்பாங்க. எடுத்துக் கவுத்துக் காய வச்சா பொழைக்க வாய்ப்பிருக்கு. கலர் லைட் எரியற மெஷின் வாங்கினா, எறும்புக்கு வெளிச்சம் கிடைக்கும்.

சார்: அது?

பாய்: அதுதான் சார் முக்கியமான கேஸு. ஹின்ஜ். மூடியும் அடியும் சேர்ற இடம். ஹின்ஜ் இரும்பு. அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது பிளாஸ்டிக்ல பதிச்ச பித்தளை நட்டு, மிளகு சைஸு. பசங்க ஒரு மூலையைப் பிடிச்சு வெடுக்குனு தூக்குவாங்க. நாள் ஆக ஆக இரும்பு இறுகும், பிளாஸ்டிக் பிளக்கும், நட்டு தனியா கையில வந்துரும். வாரத்துக்கு நாலு வருது. புள்ளைங்க லேப்டாப் மூளைக் கோளாறுல சாகறதில்ல சார். இடுப்பு ஒடிஞ்சுதான் சாகுது. நீங்க மூளைக்கு 14 கட்டம் போட்டிருக்கீங்க. இடுப்புக்கு ஒரு கட்டம்கூட இல்ல.

சார் அட்டவணையைப் பார்த்தார். இல்லைதான்.

சார்: வாரண்டி இருக்குல்ல?

பாய்: ஒரு வருஷம். கீழ போட்டது, மேல கொட்டினது, உடைச்சது மூணும் சேராது. புள்ளைங்க அந்த மூணைத் தவிர வேற ஒண்ணும் பண்ணாது. தனியாக் காசு கட்டி ஆக்சிடென்டல் டேமேஜ் எடுத்தாத்தான் உண்டு. புதுசுதான்னா, லைட்டுக்குக் குடுக்கற காசை அதுக்குக் குடுங்க. ஷோரூம்ல எல்லாரும் ஸ்க்ரீனைப் பாக்கறாங்க. நீங்க ஒரு கையால மூடியைத் தூக்குங்க, அடிப்பாகமும் கூடவே எந்திரிச்சு வருதான்னு பாருங்க. கீபோர்டு நடுவுல அமுக்குங்க, தூளி மாதிரி உள்ள போகுதான்னு பாருங்க. கவுத்துப் போட்டு சாதா ஸ்டார் ஸ்குரு தெரியுதான்னு பாருங்க.

சார்: கவுத்துப் போட்டா சேல்ஸ்மேன் அடிக்க வர மாட்டானா?

பாய்: மாப்பிள்ளை பாக்கப் போனா கண்ணை மூடிக்கிட்டா பாப்பீங்க?

சார்: எதுக்கு இந்த வம்பு எல்லாம். பதினோராவது மாடல். 15 ஆயிரம். உடைஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் போறேன்.

பாய்: ஸ்டோரேஜ் எவ்ளோ போட்டிருக்கு?

சார்: 64 ஜிபி. இஎம்எம்சி.

பாய்: விண்டோஸ் 11 உள்ள வரணும்னாலே 64 கேக்குது சார். ஒரே ரூமு உள்ள வீட்டுல ஹவுஸ் ஓனரே பாயை விரிச்சுப் படுத்துட்டா, வாடகைக்கு வந்த பாப்பா எங்க படுக்கும்? அப்டேட் வர்ற அன்னைக்கு இடம் இல்லன்னு அழும். அதையும் போர்டுல பத்தவச்சிருப்பான், மாத்த முடியாது. தூக்கிப் போடறதுக்குன்னே வாங்கறதுக்கு 15 ஆயிரம் ஜாஸ்தி.

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. கீழே தெருவில் யாரோ ஸ்பீக்கரை டெஸ்ட் பண்ணினார்கள். ஹலோ, ஹலோ, ஒன், டூ.

சார்: அப்ப நீங்களே சொல்லுங்க.

பாய்: பழசு எடுங்க. ஐடி கம்பெனி மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு லாட்டா தள்ளிவிடறது. லேடிட்யூட், திங்க்பேடு, எலைட்புக் மாதிரி. ஆபீஸ்ல தினம் பத்து மணி நேரம் தாங்கறதுக்குன்னு செஞ்சது. ஹின்ஜ் கெட்டி. கீபோர்டு தனியாக் கிடைக்கும், பேட்டரி தனியாக் கிடைக்கும், இந்தத் தெருவுலயே கிடைக்கும்.

சார்: செகண்ட் ஹாண்டா! என் பொண்ணுக்கா!

பாய்: 2011ல அரசு ப்ளஸ் டூ பசங்களுக்குக் குடுத்துச்சே, மூடியில அம்மா படம் போட்டு. அதுவே இன்னும் ஒண்ணு ரெண்டு எங்கிட்ட வரும். எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்திக் குடுப்பேன். அண்ணன் படிச்சு, தம்பி படிச்சு, இப்ப அண்ணன் புள்ளை தட்டுது.

சார்: அது வேற பாய். உங்களுக்கு என் நிலைமை தெரியாது. வர்ற ஞாயித்துக்கிழமை மச்சினி வீட்டுல காதுகுத்து. சகலை அவன் பையனுக்கு 95 ஆயிரத்துல வாங்கியிருக்கான். ஹால்ல, டீபாய் மேல, திறந்து வச்சிருப்பான்.

பாய்: பையன் எத்தனாவது?

சார்: நாலாவது.

பாய்: அதுல என்ன பண்றான்?

சார்: கார் ஓட்டறான்.

பாய்: பாப்பா என்ன கேட்டுச்சு?

சார்: எந்தப் பாப்பா?

பாய்: உங்க பொண்ணு. லேப்டாப் வேணும்னு கேட்டுச்சா?

சார்: அவளா? (யோசித்து) ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்டா.

பாய்: வாங்கியாச்சா?

சார் பதில் சொல்லவில்லை. ஃபைலில் இருந்த கிளிப்பைக் கழற்றி மாட்டினார்.

பாய்: இந்தாங்க, இதைத் தூக்கிப் பாருங்க. ஒன்றரைக் கிலோ. பத்தாம் தலைமுறை ஐ-5. 8 ஜிபி, இன்னொரு ஸ்லாட் காலி. 256 எஸ்எஸ்டி. பேட்டரி புதுசு போட்டுத் தரேன். 22 ஆயிரம். ஆறு மாசம் நான் பொறுப்பு.

சார்: ஐ-7 இல்லையா?

பாய்: ஐ-7 2012லயும் இருந்துச்சு சார். எத்தனையாம் தலைமுறைன்னுதான் பாக்கணும். விண்டோஸ் 10ஐ 2025 அக்டோபர் 14ஓட கம்பெனி கைவிட்டுருச்சு. 11 ஏத்தணும்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது வேணும். ஐ-7ன்னு ஆசைப்பட்டு நாலாம் தலைமுறையை வாங்கினா, 11 வாசப்படியே ஏறாது. பழசு விக்கறவன் எல்லாம் யோக்கியன்னும் சொல்லல, என்னையும் சேர்த்து. ஆன் பண்ணினதும் பயாஸ் பாஸ்வேர்டு கேக்குதா பாருங்க. பேட்டரி செஞ்சப்போ எவ்ளோ பிடிச்சுது, இப்ப எவ்ளோ பிடிக்குதுன்னு ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்க. ஜிஎஸ்டி பில் கேளுங்க. பில் இல்லாத மெஷின் யாரோ ஒருத்தர் பையிலேருந்து வந்ததா இருக்கலாம்.

சார் மூடியை ஒரு கையால் தூக்கினார். அடிப்பாகம் அசையவில்லை. கீபோர்டை அமுக்கினார். கவிழ்த்துப் போட்டார். ஸ்குருவை எண்ணினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அது வந்த வேகத்திலேயே போனது.

சார்: பாய், எல்லாம் சரி. எடுத்துக்கறேன். ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்கிடறேன்.

பாய்: வாங்குங்க. பென்சிலைக் கீபோர்டு மேல வைக்காம இருக்கச் சொல்லுங்க.

சார்: ஒரே ஒரு உதவி. (குரலைத் தாழ்த்தி) இங்க, இந்த ஓரத்துல, ஐ-5னு ஒட்டியிருக்கே...

பாய் ஒன்றும் சொல்லாமல் டிராயரை இழுத்தார். உள்ளே மிட்டாய்க் கடை மாதிரி ஸ்டிக்கர்கள். நீலம், வெள்ளி, கறுப்பு.

பாய்: மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது. எதுவானாலும் 20 ரூபா. ஒட்டறது மட்டும்தான் நான். சகலைகிட்ட சொல்றது உங்க பொறுப்பு.

சார்: ஒன்பதுன்னா நம்ப மாட்டான்.

பாய் பஞ்சில் தின்னர் தொட்டு ஐ-5ஐத் தேய்க்க ஆரம்பித்தார். நடுவில் என் பக்கம் திரும்பி, “சார், உங்களுது ரெடி. அடிச்சுப் பாருங்க” என்றார்.

என்ன அடிப்பது என்று யோசித்து, ‘ஏழு’ என்று அடித்தேன். விழுந்தது.