பூஜ்யர்

பரீட்சையில் பூஜ்யம் வாங்கிய பிள்ளை, வீட்டுக்குப் போக அஞ்சித் தெருமுனைப் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பூஜ்யம் கிடைத்துவிட்டதென்று முகம் மலர்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு டீயும் வாங்கிக் கொடுக்கிற மனிதர் ஒருவரைப் பார்க்க வேண்டுமானால், சென்னைத் தரமணியில் நான் வேலை பார்க்கிற அலுவலகத்துக்குத்தான் வரவேண்டும். டேட்டாபேஸ் சர்வர்களைப் பரிபாலனம் செய்வது அவருடைய உத்தியோகம். இளவட்டங்கள் அவருக்கு இட்டிருக்கும் பெயர் ‘பூஜ்யர்’. அதில் பாதி கேலி, பாதி மரியாதை. எந்தப் பாதி பெரிது என்று அவரும் விசாரித்ததில்லை, அவர்களும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். மைஎஸ்க்யூஎல் என்னும் டேட்டாபேஸ் சர்வர் காலையில் கண் விழிக்கும்போது, தான் எந்த போர்ட்டில் காது வைத்திருக்க வேண்டும், எத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் வாசலைத் திறந்துவிடலாம், எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பனவற்றையெல்லாம் ஒரு கான்ஃபிக் ஃபைலைப் படித்துத் தெரிந்துகொள்ளுகிறது. நாம் ஒன்றும் எழுதாவிட்டால் 3306-ஆம் போர்ட், 151 பேர், 128 எம்பி என்று தானாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சாது அது. ஆனால் நாம் எழுதியதில் ஓர் எழுத்துப் பிசகினாலும், ‘இப்படியொரு வார்த்தையை நான் கேள்விப்பட்டதேயில்லை’ என்று கோபித்துக்கொண்டு படுத்துவிடும். 2019-இல் வந்த 8.0.16 பதிப்பில், சர்வரை உண்மையில் கிளப்பாமலே ஃபைலை மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோகும்படி ஏவுகிற ‘வேலிடேட் கான்ஃபிக்’ என்ற கட்டளையைச் சேர்த்தார்கள். குறை கண்டால் அதைச் சொல்லிவிட்டு ஒன்று என்ற எண்ணோடு முடியும்; குறை காணாவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் பூஜ்யத்தோடு முடியும். அந்தப் பூஜ்யத்தையும் தானாக வந்து காட்டாது. நாம்தான் இன்னொரு கட்டளை கொடுத்துக் கேட்டு வாங்கவேண்டும். அப்படிக் கேட்டு வாங்கிய பூஜ்யங்களால்தான் நம்மவர் வாழ்க்கை நிரம்பியிருக்கிறது. 2019-க்கு முன்னால் என்ன செய்தார் என்று கேட்டேன். உதவிக் குறிப்பு முழுவதையும் அச்சிடும்படி சர்வரை ஏவுவாராம். அந்தச் சாக்கில் அது ஃபைலையும் வாசித்து, தப்பிருந்தால் முனகுமாம். வழியில்லாத காலத்திலும் அனுஷ்டானத்தை விட்டவரல்ல.

(மைஎஸ்க்யூஎல் என்பதில் உள்ள முதற்பகுதியை ‘என்னுடைய’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகவே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அதை உண்டாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தம் மகளின் பெயரை வைத்தாராம். பின்னால் அவர் தொடங்கிய மரியாடிபிக்கு இளைய மகளின் பெயர் போயிற்று. பெண்ணைப் பெற்றவர் செய்த வஸ்து ஆகையால் சந்தேக சுபாவம் அதற்குப் பிறவியிலேயே அமைந்தது என்பது பூஜ்யரின் சித்தாந்தம். அவருக்கும் இரண்டு பெண்கள்.)

சனிக்கிழமை இரவு, ஊர் அடங்கியபின், சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டியிருக்கும். ஏழு மணிக்கே பூஜ்யர் ஃபைலைத் தாளில் அச்சிட்டு, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, பஞ்சாங்கம் பார்க்கிறவர் போல உதடு மட்டும் அசைய வாசித்துக்கொண்டிருப்பார். ஒரே ஃபைல் என்றால் இவ்வளவு சிரமமில்லை. லினக்ஸில் சர்வர் முதலில் ஒரு பொது இடத்தில் தேடும், பிறகு வேறோர் இடத்தில் தேடும், முடிவில் ஆளின் சொந்த டைரக்டரிக்குள்ளும் எட்டிப் பார்க்கும். ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தால், கூட்டுக் குடும்பத்தில் தாத்தா சொன்னதும் அப்பா சொன்னதும் அடிபட்டுப் போய், கடைசியாக அடுக்களையிலிருந்து வந்த வார்த்தையே நிலைப்பதுபோல, கடைசியாகப் படித்ததே செல்லும். அதிலும், ஊரார் எவரும் வந்து எழுதலாம் என்று அனுமதி விட்டிருக்கிற ஃபைலைக் கண்டால் அதை நம்பாமல் ஒதுக்கிவிட்டுப் போய்விடும். இந்த ஒரு குணத்துக்காகவே அதோடு சம்பந்தம் செய்துகொள்ளலாம் என்று பூஜ்யர் சொல்லுவார்.

மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து 8.0-க்கு மாறிய இரவை நான் மறக்கமாட்டேன். இந்த வேலிடேட் கான்ஃபிக் சோதனைக்கு ஒரு வழக்கம் உண்டு: முதல் குறையைக் கண்டவுடன் அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடும், மற்றவை என்னவென்று தெரிய வேண்டுமானால் அதைத் திருத்திக்கொண்டு மறுபடி வரவேண்டும். தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழுக்குப் போனவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். இன்றைக்கு ரேஷன் கார்டு நகல் இல்லை என்பார் குமாஸ்தா, நாளைக்குப் போனால் நகலில் கையொப்பம் இல்லை என்பார், மூன்றாம் நாள் கையொப்பம் இருக்கும், கையொப்பமிட்ட அதிகாரியின் முத்திரை இருக்காது. மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டவனுடைய மனு அடிக்குப் போய்விடும். அன்று இரவு முதலில் க்வெரி கேஷின் அளவு தகராறு செய்தது, ஏனெனில் 8.0-இல் க்வெரி கேஷையே எடுத்துவிட்டார்கள். அதை நீக்கினால் அதன் வகை வந்து நின்றது. பிறகு லாக் எச்சரிக்கைக்கான பழைய வரி. பிறகு 8.0-இல் இல்லாமற்போன வேறொரு வரி. ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வர, என்னைப் போன்றவர்களுக்குக் கொட்டாவி வந்ததேயொழிய, பூஜ்யருக்கு முகத்தில் களை ஏறிக்கொண்டே போயிற்று. ஐந்தாம் முறை பூஜ்யம் வந்தது. டீயும் வந்தது.

வீட்டிலும் இதே பிரகிருதிதான். ஸ்கூட்டரைக் கிளப்புமுன் சாய்த்துக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்பார். பூட்டைப் பூட்டியபின் தொங்கிப் பார்ப்பார். ரயில் டிக்கெட்டில் தேதியை மட்டுமல்ல, வருஷத்தையும் சரிபார்ப்பார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மையார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: “கேளுங்க அண்ணா, நேத்து ராத்திரி காஸை மூடியாச்சான்னு மூணு தடவை எழுந்து போய்ப் பாத்தாரு. மூணாவது தடவை, மூடியிருந்ததைத் திறந்து வெச்சுட்டு வந்து படுத்துட்டாரு.” பூஜ்யர் மறுக்கவில்லை, காபியில் சர்க்கரை போட்டாயிற்றா என்று ஒரு சொட்டு எடுத்து ருசி பார்த்தார்.

இந்த பயம் அவருக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், தமிழில் எழுதிய பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒரு பழைய சர்வரில் ஏற்றினாராம். அந்தக் காலத்து மைஎஸ்க்யூஎல், ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்தெல்லாம் லத்தீன் என்று வைத்துக்கொண்டு, ஸ்வீடன் தேசத்து அகரவரிசைப்படி அடுக்குகிற வழக்கமுள்ளது. எழுத்து வகையைக் குறிக்கிற ஒரு வரி ஃபைலில் விடுபட்டிருந்தது. மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், முருகேசனும் இல்லை, மீனாட்சியும் இல்லை. வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். “அத்தனை பேரும் சேர்ந்து ‘ஏன்? ஏன்?’னு என்னையே கேக்கற மாதிரி இருந்துது” என்றார். மூலப் பட்டியல் தாளில் இருந்ததால் பிழைத்தார். மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி அடித்தார். அன்றிலிருந்து விடுபட்ட வரி என்றால் அவருக்குச் சொப்பனத்திலும் வியர்க்கும்.

இளைஞர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. தெரிந்தாலும் பொறுமை இராது. “இதுக்கு எதுக்கு சார் இத்தனை டெஸ்ட்டு? ஸ்டார்ட் பண்ணுவோம். வந்தா வருது, வரலைன்னா லாக்கைப் பாத்துக்கலாம்” என்றான் ஒருவன்.

“தம்பி, கிணத்துல தண்ணி இருக்கான்னு குதிச்சுப் பாக்கிறவன் நீ. நான் கல்லைப் போட்டுப் பாக்கிறவன்.”

உவமை என்னவோ அழகுதான். ஆனால் கல் விழுந்த சத்தம் தண்ணீர் உண்டென்று சொல்லுமேயொழிய, ஆழத்தையும் அடியில் கிடக்கிற பாறையையும் சொல்லாது. இந்தச் சோதனையும் அவ்வளவுதான். சேமிப்பு எஞ்சின்களை அது எழுப்புவதில்லை; எழுப்பாத எஞ்சின்களுக்குரிய விதிகள் நிறைவேறுமா என்று பார்ப்பதுமில்லை. பூஜ்யருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டவன் குருக்கள் சொன்ன மந்திரத்தில் ஒரு வரி விட்டுப்போனதை ஆராய்வதில்லை என்பது போல, தெரிந்தும் தெரியாதவராக இருந்துவந்தார்.

போன மாதம் ஒரு புதிய இயந்திரம் வந்தது. பதினாறு ஜிபி நினைவகம். டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய இயந்திரமாகையால் முக்கால் பங்கைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று கணக்கிட்டு, இன்னோடிபி என்னும் சேமிப்பு எஞ்சினின் பஃபர் பூலுக்கு 12ஜி என்று தாளில் எழுதிச் சிவப்புப் புள்ளியும் வைத்தார். பிறகு தாளைப் பார்த்து அவரே ஃபைலில் அடித்தார். சோதித்தார், பூஜ்யம். கண்ணாடியைத் துடைத்தார். என்னிடம் டீக்குச் சொல்லச் சொன்னார். சர்வரைக் கிளப்பினார். கிளம்பவில்லை.

மறுபடி சோதித்தார், பூஜ்யம். கிளப்பினார்; இல்லை. மூன்றாம் முறையும் அப்படியே. “கான்ஃபிக் சரியாத்தான் இருக்கு” என்று திரையைப் பார்த்தும், எங்களைப் பார்த்தும், கடைசியில் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தும் சொன்னார். இல்லாத நினைவகத்தை எவருக்கும் வாக்குக் கொடுக்காதே என்று அந்த இயந்திரத்துக்கு அவரே முந்தின நாள் கண்டிப்பாக உத்தரவிட்டிருந்தார். அது அவர் பேச்சைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கிணற்றில் குதிக்கிற அந்தத் தம்பிதான் லாக்கைத் திறந்து, பஃபர் பூலுக்கு நினைவகம் கிடைக்கவில்லை என்ற வரியைக் கண்டு, ஃபைலுக்கு வந்து, தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் குரலில் கேலி இல்லை என்பதை நான் இங்கே சாட்சியாகச் சொல்லவேண்டும்.

“சார், 120ஜின்னு இருக்கு. ஒரு பூஜ்யம் அதிகம்.”

பூஜ்யர் குனிந்து பார்த்தார். விரலால் திரையைத் தொட்டு, அது தூசியல்ல என்று நிச்சயம் செய்துகொண்டார். பிறகு அந்தப் பூஜ்யத்தை அழித்தார். எல்லாரும் சர்வரைக் கிளப்பப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் முதலில் சோதனைக் கட்டளையைத்தான் அடித்தார். பூஜ்யம் வந்தது. இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை; அதையே சற்று நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, நீ ஒரு தடவை அடிச்சுப் பாரேன்” என்று கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினார்.