கைவிடாத கொடைவள்ளல்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தில் கோப்புகளைக் கட்டிக்காக்கும் பெரியவர்களை நாடு இன்னும் சரியாகப் பாராட்டவில்லை. போர் விமான எஞ்சினை நாமே செய்வோம் என்று 1989-இல் காவேரித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஒதுக்கீடு சுமார் 383 கோடி ரூபாய். கெடு, 1996 டிசம்பர். அதற்குப் பிறகு எத்தனை அரசுகள் வந்தன, போயின! ஒன்றுகூட அவசரப்பட்டுத் திட்டத்தை முடித்துவிடவில்லை. இந்தப் பொறுமை சீனாக்காரர்களுக்கு வராது. 1980-களில் டபிள்யூஎஸ்-10 எஞ்சினைத் தொடங்கியவர்கள், தோல்விமேல் தோல்வி கண்டும் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்து, இன்று ஜே-10, ஜே-20 விமானங்களில் அதைப் பறக்கவிட்டுவிட்டார்கள். அவசரக்காரர்கள்.

மரபைக் காப்பதிலும் நம்மவர்களுக்கு ஈடில்லை. 1961-இல் குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானம் பெங்களூரில் பறந்தது. அருமையான உடல், அதற்குப் போதாத அயல்நாட்டு எஞ்சின். நாற்பது ஆண்டு கழித்து, 2001 ஜனவரி 4 அன்று, காவேரி பொருத்தப்பட வேண்டிய தேஜஸ் போர் விமானம் அதே பெங்களூரில் முதன்முதலாக வானேறியது. உள்ளே இருந்தது அமெரிக்க எஞ்சின். முன்னோர் வகுத்த வழியிலிருந்து இம்மியும் பிசகவில்லை. 2008-இல் காவேரியைத் தேஜஸிலிருந்து முறைப்படி பிரித்தும் வைத்தார்கள்.

சிக்கனத்தைச் சொல்ல வேண்டுமே. ஒரு ஜெட் எஞ்சினின் விசையாழித் தகடு விரல் நீளம்தான் இருக்கும். அது உருகும் வெப்பத்தைவிட அதிகச் சூடான வாயு அதன்மீது பாய்ந்துகொண்டே இருக்கும். தகட்டுக்குள் நுண்ணிய வழிகளைக் குடைந்து காற்றைச் செலுத்தி, மேற்பரப்பில் மெல்லிய காற்றுப் போர்வை போர்த்தித்தான் அதை உயிரோடு வைக்கிறார்கள். முழுத் தகடும் ஒற்றைப் படிகமாக வளர்க்கப்பட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எவரும் இதைக் காசுக்கு விற்பதில்லை. எரித்து, உடைத்து, மறுபடி வார்த்துத்தான் கற்க வேண்டும். மெல்லிய காற்றில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க உயரச் சோதனைக் கூடம் வேண்டும், பறக்கும் சோதனை விமானம் வேண்டும். அந்த வீண் செலவை நம்மவர்கள் செய்யவில்லை. எஞ்சினை மூட்டைகட்டி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். 2010 நவம்பரில் மாஸ்கோ அருகே ஐஎல்-76 விமானத்தில் பொருத்தித்தான் காவேரி முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. இப்படியெல்லாம் மிச்சம் பிடித்ததில், திட்டச் செலவு திருத்தப்பட்டு 2,839 கோடியாக வளர்ந்தது.

காவேரியை உருவாக்கிய ஜிடிஆர்இ நிறுவனப் பொறியாளர்களின் குறையையும் மறைக்கக் கூடாது. 81 கிலோநியூட்டன் உந்துவிசை தேவை என்ற இடத்தில் ஏறக்குறைய 70-ஐத்தான் எட்டினார்கள். எடையும் கூடிவிட்டது. உயரச் சோதனைக்குக் கூடம் இல்லாமல், முறை வாங்கி அயல்நாட்டில் ஓட்டிப் பார்த்து எட்டிய எண் அது. கடைசிப் பத்துச் சொச்சத்துக்கு மட்டும் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

எலகங்கா விமானக் கண்காட்சியில் காவேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன மினுமினுப்பு! தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஔவை கண்ட வேல்களைப் போல, போர்முனையின் கீறல் ஒன்றுகூட விழாத அழகு.

விருந்தோம்பலுக்கும் குறைவில்லை. 2021-இல் 5,375 கோடி ரூபாய்க்கு 99 அமெரிக்க எஞ்சின்களை வரவேற்க ஒப்பந்தம் போட்டோம். அவற்றில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அதுவரை தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் எஞ்சினுக்குக் காத்திருந்தன. 42 படைப்பிரிவுகள் வேண்டிய விமானப்படை முப்பதுக்கும் கீழே இறங்கியது. விமானத்தில் ஏறப்போகும் பிள்ளைகளுக்கும் இந்தப் பொறுமையை நாம் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

இப்போது பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து 120 கிலோநியூட்டன் எஞ்சின் செய்வதாக அறிவித்திருக்கிறார்கள். நல்ல செய்தி. ஐயா, பெரியவர்களே, உங்கள் பொறுமையையும் சிக்கனத்தையும் இந்த ஒருமுறை மட்டும் ஒதுக்கி வையுங்கள். ஒப்பந்தக் கையெழுத்து காய்வதற்குள் உயரச் சோதனைக் கூடத்துக்கும் பறக்கும் சோதனை விமானத்துக்கும் பணத்தை விடுவியுங்கள்.