42 கிராம் மரியாதை

என் தங்கச்சி கல்யாணத்து மொய் நோட்டை அப்பா இன்றைக்கும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அதில் மும்பைப் பெரியப்பா பெயருக்கு நேரே 481 ரூபாய் என்று எழுதியிருக்கும். 501 தெரியும், 1001 தெரியும். 481 எந்த ஊர் மொய்? அந்த இருபது ரூபாய் போன வழியைத்தான் சொல்ல வந்தேன். கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் கொஞ்சம் கவனித்துக் கேட்கலாம்.

2014 ஆவணியில் கல்யாணம். வாசுதேவநல்லூரிலேயே பத்திரிகை அடித்துவிடலாம் என்று நான் சொன்னதை அப்பா காதில் வாங்கவில்லை. ராஜபாளையம் போய் பஸ் மாறினால் சிவகாசி. நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளூரில் அடித்தால் சொந்தக்காரன் என்ன நினைப்பான்?

கடையில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டியவர் படத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. தேங்காய் வாங்குவதுபோல ஒவ்வொன்றாகக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். “கனமா இருக்கணும் அண்ணாச்சி. கையில வாங்குதவன் ஒரு நிமிஷம் அசரணும்.” கடைக்கார அண்ணாச்சி கடைசியாக ஒன்றை எடுத்து நீட்டினார். புடைத்த பிள்ளையார், மூன்று மடிப்பு, உள்ளே தனியாக ஒரு வரவேற்பு அட்டை. அப்பா அசந்துவிட்டார்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். எங்கள் ஊர்க் கோயிலில் சாமியே அர்த்தநாரீஸ்வரர். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒரே உடம்பில் குடியிருக்கிற ஊர். ஆனால் பத்திரிகையில் யார் பெயர் மேலே என்று வந்துவிட்டால் சாமியிடம்கூடப் பாடம் படிக்க மாட்டோம். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், மாமனுக்கு மாமன் என்று 34 பெயர். எழுதிய பெயரை யாரும் படிக்கப்போவதில்லை. விட்டுப்போன பெயரை மட்டும் ஊரே படிக்கும்.

ப்ரூஃப் வந்தது. தங்கச்சி பெயருக்கு முன்னால் ‘திருவளர்ச்செல்வி’ என்று போட்டிருந்தார்கள். பாட்டி கண்ணாடியை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். “ஏலே, இவதான கடைக்குட்டி? இன்னும் யாரைக் கட்டிக் குடுக்கப் போற?” வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் திருவளர், அதுவே கடைசிக் கல்யாணம் என்றால் திருநிறை என்பது பெரியவர்கள் கணக்கு. அப்பா பேனாவைத் தேட, அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதைத் திருத்திய வேகத்தில் இன்னொன்றைக் கோட்டை விட்டோம். ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘குற்றமும் நட்பும் சூழ’ என்று இருந்தது. 500 பத்திரிகையும் அடித்து வந்தபிறகு மாமாதான் கண்டுபிடித்தார். “இருந்துட்டுப் போட்டும் அத்தான். ரெண்டுந்தான வரப்போகுது” என்றார்.

முதல் பத்திரிகையைச் சாமி காலடியில் வைத்தோம். மற்றதற்கெல்லாம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினோம். அந்தக் காலத்தில் திடீரென்று வருகிற கார்டு என்றாலே சாவுச் செய்தியோ என்று பயந்த பாட்டிக்கு, மஞ்சளைப் பார்த்தால்தான் கவரைத் தொட மனசு வரும். இங்கே முதல் யோசனை: மஞ்சளை நன்றாகக் காயவிட்டு அடுக்குங்கள். நாங்கள் ஈரத்தோடு அடுக்கியதில் பத்துப் பத்திரிகை ஒட்டிப்பிடித்து ஒரே பத்திரிகையாகிவிட்டது.

என் பங்குக்கு நாற்பது பத்திரிகையைச் சென்னையில் இருந்து அனுப்பினேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் சிவகிரியில் என் சிநேகிதன் ஒருவன். தெருவை எழுதி, ‘சிவகிரி’ என்று போட்டு நிறுத்திக்கொண்டேன். ஈரோடு பக்கமும் ஒரு சிவகிரி இருக்கிறது. பத்திரிகை அங்கே போய் நாலு நாள் தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்யாணம் முடிந்த மறுவாரம் அவன் கைக்கு வந்து சேர்ந்தது. நம்முடைய சிவகிரிக்கு 627-ல் தொடங்கும் பின்கோடு, அந்தச் சிவகிரிக்கு 638. அதை எழுதியிருந்தால் போதும். பின்கோடு நாட்டுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். 42 வருஷம் கழித்தும் என் மண்டைக்கு வந்து சேரவில்லை. 2019-ல் எங்களைத் திருநெல்வேலியில் இருந்து பிரித்துத் தென்காசி மாவட்டம் ஆக்கினார்கள். அப்போதும் அந்த 627 அசையவில்லை. மாவட்டத்தை மறந்தாலும் பின்கோட்டை மறக்காதீர்கள்.

இனி அந்த இருபது ரூபாய். வெளியூருக்கு நூறு பத்திரிகை. அப்பா கவர் வாயைப் பசை போட்டு அழுத்தி ஒட்டினார். ஆளுக்கொரு ஐந்து ரூபாய் ஸ்டாம்பு. நான் எடை என்று வாயெடுத்தேன். “கல்யாணக் காயிதத்தை எவன்லே தராசுல வைக்கப் போறான்?” என்றார்.

வைத்தார்கள். பத்திரிகை 42 கிராம். கடிதத்துக்கு அப்போது 20 கிராம் வரை ஐந்து ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு ஐந்து. ஆகமொத்தம் பதினைந்து. குறைவது பத்து. குறைந்த தொகையில் இரண்டு மடங்கை வாங்குகிறவர் தலையில் கட்டுவது தபால் விதி. மும்பையில் பெரியப்பா இருபது ரூபாய் தண்டம் அழுது பத்திரிகையை வாங்கினார். வாங்கிய கையோடு போன் வந்தது. “தம்பி, காசு கட்டிக் கல்யாணத்துக்கு வரச் சொன்ன மொத ஆளு நீதான்டே.”

வயிற்றெரிச்சல் இதோடு முடியவில்லை. கவரை ஒட்டாமல் வாயைச் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதியிருந்தால் 50 கிராம் வரை அன்றைக்கு நாலே ரூபாய். “ஒட்டாத கவர் மரியாதை இல்லை” என்று அப்பா தடவிய பசைதான் நாலு ரூபாயைப் பதினைந்தாக்கியது. ஆக, வேண்டியதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழித்து, நூறு வீட்டில் பேச்சு வாங்கினோம்.

இப்போது அக்கா மகனுக்குக் கல்யாணம். அவன் ‘மை ஸ்டாம்ப்’ திட்டத்தில் தன் படமும் பெண் படமும் போட்ட ஸ்டாம்பு வேண்டும் என்கிறான். 2011-ல் தபால் துறை கொண்டுவந்தது. பன்னிரண்டு ஸ்டாம்பு முந்நூறு ரூபாய் என்றார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள் மாப்பிள்ளை என்றேன். ஸ்டாம்பு என்று ஒட்டினால் அதன்மேல் முத்திரை குத்தாமல் விடமாட்டார்கள். தாலி கட்டுமுன்னே உன் மூஞ்சியில் ஓங்கி ஒரு குத்து. பெண் வீட்டுக்காரர்கள் சகுனம் பார்ப்பார்கள். அப்படியானால் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன் என்றான். அனுப்பு. பெரியப்பா இரண்டு நீல டிக் போடுவார். மொய்யும் அதே இரண்டு டிக்தான்.

போன வருஷம் பெரியப்பா பேத்தி கல்யாணப் பத்திரிகை மும்பையில் இருந்து வந்தது. மெல்லிசு அட்டை. அப்பா அதை மளிகைக் கடைத் தராசுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார். 18 கிராம். கவரில் பதினைந்து ரூபாய்க்கு ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் போய் 501 எழுதிவிட்டு வந்தார்.

அதனால் பிள்ளைகளே, மஞ்சள் காய்ந்து, அட்டையெல்லாம் உள்ளே போன முழுப் பத்திரிகை ஒன்றைத் தபால் ஆபீசுக்கு எடுத்துப்போங்கள். இன்றைய கட்டணம் என்ன என்று அங்கேயே கேளுங்கள். முதலில் தராசு, அப்புறம் பசை.