கொப்பியில் காய்ச்சும் பியர்

என் மருமகன் ரொறன்ரோவில் பியர் காய்ச்சுகிறான். நான் சுன்னாகத்தில் இருந்து அதற்குத் திட்டம் போடுகிறேன். காய்ச்சுவதற்கு அவனுக்குக் கனடாச் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்கு 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் பியரைக் கொப்பியில் எழுதக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆகவே என்னுடைய பியர் எல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியிலேயே காய்ச்சி, ஆறவைத்து, புளிக்கவைத்து, பிழை கண்டு, திருத்தி எழுதப்படுகிறது. இதுவரை ஒருவரும் வெறித்து விழவில்லை.

அமெரிக்கர்கள் வீட்டில் பியர் காய்ச்சிக் குடிக்கலாம் என்று ஜிம்மி காட்டர் கையெழுத்து வைத்தது 1978இல். அதே 1978இல்தான் இங்கே பனை அபிவிருத்திச் சபை உண்டானது. அங்கே குசினிக்கு விடுதலை கிடைத்தது. இங்கே பனைக்கு அலுவலகம் கிடைத்தது.

திட்டம் போடுவது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். ஏல் வகைப் பியருக்கு ஈஸ்ட் 18 முதல் 22 பாகை வரையிலான குளிரைக் கேட்கும். லாகர் ஈஸ்ட் இன்னும் செல்லப்பிள்ளை. அதற்கு 10 பாகை அளவில் வேண்டும். மருமகன் மாரியில் நிலக்கீழ் அறையில் பாத்திரத்துக்கு மின்பட்டி கட்டிச் சூடு காட்டுகிறான். சித்திரை மாதத்தில் என் குசினியில் 32 பாகை. இங்கே குளிர் கிடைக்கிற ஒரே இடம் குளிர்சாதனப் பெட்டி, அதன் ஆட்சி என் கையில் இல்லை. கீழ்த்தட்டில் கத்தரிக்காய், நடுத்தட்டில் நேற்றைய குழம்பு, மேல்தட்டில் மா. பியருக்கு ஒதுக்கீடு கேட்டு நான் வைத்த விண்ணப்பம் வாசிக்கப்படாமலே திரும்பி வந்தது.

இந்தச் சூட்டுக்கென்றே அளவெடுத்த ஓர் ஈஸ்ட் நோர்வேயில் இருக்கிறது. க்வைக் என்று பெயர். மேற்கு நோர்வேயின் பண்ணை வீடுகளில், மரத்தில் செய்த வளையங்களில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த சரக்கு. 35 பாகைக்கு மேலேயும் முகம் சுளிக்காமல் வேலை செய்யும். பனியில் பிறந்த ஈஸ்ட் வெயிலை விரும்புகிறது. வெயிலில் பிறந்த எங்கள் பிள்ளைகள் ஒஸ்லோவில் வீடு வாங்குகிறார்கள். நோர்வேக்காரர் எங்களுக்குப் புதியவர்களும் அல்லர். காரைநகருக்குச் சீநோர் படகு கட்டும் தளத்தைக் கொண்டு வந்தார்கள். 2002இல் சமாதானத்தைக் கொண்டு வந்தார்கள். படகு மிதந்தது. அந்தப் போக்குவரத்தில் ஒரு பொட்டலம் க்வைக்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.

சூட்டை விடப் பெரிய தடை சுவரில் தொங்கும் நாட்காட்டி. ஒரு பியர் பாத்திரத்தில் இரண்டு கிழமை, போத்தலில் இரண்டு கிழமை, ஆக ஒரு மாதம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி மரக்கறி. போயா என்றால் நாடு முழுக்கச் சாராயக் கடைக்குப் பூட்டு. நல்லூரில் கொடியேறினால் 25 நாள். கந்தசஷ்டி வரும், கௌரி விரதம் 21 நாள் வரும், திருவெம்பாவை 10 நாள் வரும். இவற்றுக்கு நடுவே ஒரு முழு மாதத்தைத் தேடி, சிவப்புப் பேனையும் நீலப் பேனையுமாக நான் நாட்காட்டியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, அது வெள்ளிக்கிழமையளிலை புளிக்காமல் நிக்குமோ?"

ஈஸ்டுக்கு விரதம் தெரியாது என்றேன். "அப்ப அது இஞ்சை சரிவராது" என்று தீர்ப்பு வந்தது. மேன்முறையீடு இல்லை.

ஆனாலும் கொப்பி நிரம்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் எனக்கு மிகப் பிடித்தது குரக்கன் கறுப்பு. குரக்கனை ஊறவைத்து, ஈரச்சீலையில் கட்டி முளைகட்டி, வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, ஒரு பங்கைக் கறுக்க வறுத்துச் சேர்ப்பது. ஆபிரிக்காவிலும் நேபாளத்திலும் குரக்கனில் மது செய்கிறார்கள், ஆகவே தானியத்தில் குறை இல்லை. இனிப்புக்குப் பனங்கட்டி, குட்டானோடு நிறுத்து அல்ல, குட்டானைக் கழற்றி நிறுத்து. குறிக்கோள், எங்கள் நாட்டு லயன் ஸ்டவுட்டுக்குப் பக்கத்திலாவது போய் நிற்பது. 8.8 வீத மதுசாரத்தோடு வருகிற அந்தக் கறுப்புப் பியரை வெளிநாட்டு ரசிகர்களே மெச்சுகிறார்கள். ஊரில் அதை மருந்துக்குக் குடிக்கிறோம் என்று சொல்லிக் குடிக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

மருமகன் இதை மெய்யாகவே காய்ச்சிப் பார்த்தான். ஸ்காபரோக் கடையில் பனங்கட்டி கிடைக்கிறது. முதல் அறிக்கை தொலைபேசியில் வந்தது: "மாமா, பனங்கட்டி போட்டது ஒருத்தருக்கும் விளங்கேல்லை." விளங்காது. பனங்கட்டியின் இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். மிஞ்சக்கூடியது மணம் மட்டும், அதையும் ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போடு என்று திருத்தி அனுப்பினேன். அடுத்த தடவை அந்த மெல்லிய புகை மணம் கடைசி மிடறில் வந்து நின்றதாம். சுன்னாகத்தில் பேனை பிடித்தவனுக்கு அன்றைக்கு நிலத்தில் கால் படவில்லை.

வேப்பம்பூப் பியரின் கதை அவ்வளவு சிலாக்கியமில்லை. பியருக்குக் கசப்பையும் கெடாத தன்மையையும் கொடுப்பது ஹொப்ஸ் என்ற கொடியின் பூ. நீண்ட கோடைப் பகலும் குளிர்ந்த மாரியும் இல்லாமல் அது ஒழுங்காகப் பூக்காது. எங்களுக்கு வேப்பம்பூ பங்குனி, சித்திரையில் முற்றம் முழுக்கக் கொட்டுகிறது. கசப்புக்குக் கசப்பு, பூவுக்குப் பூ. வடகத்துக்குக் காயவைத்ததில் ஒரு கைப்பிடி குறைந்ததை மனைவி இன்னும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கைப்பிடி பொதிக்குள் ஒளிந்து கனடா போனது. பதில் சுருக்கமாக வந்தது: "மாமா, குடிச்சனான். வயித்திலை ஏதும் பூச்சி இருந்திருந்தால் போயிருக்கும்." அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும்படி எழுதியிருக்கிறேன். இரண்டாம் பரிசோதனைக்கு அவன் நாள் குறிக்காமல் இழுத்தடிக்கிறான்.

ஒடியல் மாப் பியர் இன்னும் எழுத்திலேதான். இங்கிலாந்தில் சிப்பி போட்டு ஸ்டவுட் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்தபின், ஒடியற் கூழில் போகிற நண்டு ஏன் பியரில் போகக்கூடாது என்று ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதி, பிறகு நானே வெட்டிவிட்டேன்.

போன சித்திரையில் மருமகன் விடுமுறைக்கு வந்தான். சர்க்கரை அளவு பார்க்கிற மிதவைமானியைப் பஞ்சில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். கூட்டிக்கொண்டு போய்க் கள்ளுக் கொட்டிலில் இருத்தினேன். பிளாவில் வார்த்தார்கள். அவன் அதைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி மானியை மிதக்கவிட்டான். சீவுகிறவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்.

"அண்ணை, இதுக்கு என்ன ஈஸ்ட் போடுறனீங்கள்?"

"முட்டிதான் தம்பி."

மறுமொழி அவ்வளவுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. பாளையை இடுக்கி, கட்டி, காலையும் மாலையும் நுனியைச் சீவினால் சாறு சொட்டும். நேற்றைய கள்ளின் ஈஸ்ட் முட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், மிச்சம் காற்றிலும் பாளையிலும் இருக்கும். சாறு விழ விழப் புளிக்கிறது. பாளையில் சொட்டும்போது இனிப்பு, இறங்கும்போது நுரை, மறுநாள் புளிப்பு, அதற்குப் பிறகு வினாகிரி. மருமகன் எண்ணை வாசித்து, கொப்பியில் பதிந்து, தலை நிமிர்வதற்குள் கள்ளு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது.

குளிர்நாட்டுக்காரனின் வித்தை முழுவதும் புளிக்க வைப்பதில் இருக்கிறது. எங்களுடைய வித்தை புளிப்பை நிறுத்துவதில். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் ஈஸ்ட் வாலாட்டாது, இறங்குவது கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. எவ்வளவு சுண்ணாம்பு என்பதில்தான் கைப்பக்குவம்: குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு வேகும். இந்தச் செய்முறையை யாரும் கொப்பியில் எழுதித் திருத்தவில்லை. மரத்துக்கு மரம், உச்சியில் தளைநாரில் நின்றபடி திருத்தியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் பியர் காய்ச்சுகிற துறவிகளின் வாசலில் கார்கள் வரிசையில் நிற்கின்றன. எங்களூரில் இந்தக் கலையைக் கையில் வைத்திருந்தவர்களை நாங்கள் எந்தப் படலைக்கு வெளியே நிற்க வைத்தோம் என்பதை நகைச்சுவைக் கட்டுரையில் எழுதினால் சிரிப்பு வராது.

கள்ளு எங்கள் வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நுழைந்த வழி ஒன்று இருந்தது. அது அப்பம். அம்மா மரக்கறிக்காரி, கள்ளு மணத்தாலே மூக்கைப் பொத்துவார். ஆனால் அப்பத்துக்கு மா குழைக்கிற நாளில் போத்தலைத் தந்து அனுப்புவது அவர்தான். "உடன்கள்ளு எண்டு சொல்லி வாங்கு, பழசு தந்தால் வேண்டாதை." அந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது அப்பச்சோடாவும் பொட்டலத்து ஈஸ்டும் வந்து அந்த நல்ல சாட்டையும் இல்லாமல் செய்துவிட்டன.

மெய்யாகவே என் வீட்டில் புளிக்கிற ஒரே பியர் இஞ்சிப் பியர். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1880இல் ஹரி மார்ஷல் வாட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய இலங்கைக்கு வந்தார். நோய் பரவும் விதத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு 1882இல் போனார்; கோப்பி பிழைக்கவில்லை. பத்து வருடம் கழித்து, 1892இல், அவரே இஞ்சிப் பியர் புளிக்க வைக்கிற கட்டிகளை ஆராய்ந்து, ஓர் ஈஸ்டும் ஒரு பற்றீரியாவும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதைக் காட்டினார். கோப்பி போன வீட்டுக்கு இஞ்சிப் பியர் நட்டஈடு என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு லீற்றருக்கு இஞ்சி 100 கிராம், தோலோடு இடித்துக் கொதிக்கவைத்து வடித்து, சீனி 150 கிராம், இரண்டு தேசிக்காய், ஆறியபின் பாண் போடுகிற ஈஸ்ட் ஒரு சிட்டிகை. கண்ணாடிப் போத்தல் கூடாது, வாயு ஏறினால் வெடிக்கும். சோடா வருகிற பிளாஸ்டிக் போத்தலே உத்தமம். பெருவிரலால் அமத்திப் பார்க்க வேண்டும். அமத்த விட்டுக்கொடுத்தால் இன்னும் பொறு; கல்லாக நின்றால் உடனே குளிரில் வை. புத்தகங்கள் இரண்டு மூன்று நாள் என்கின்றன. இங்கே ஒரு நாளே தாராளம். குளிரில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும், வெறிக்கிற அளவுக்குப் போகாது. நல்லூர்க் காலத்திலும் குடிக்கலாம்.

2022 பங்குனியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாட்களில் இந்தக் கணக்கு தலைகீழானது. மின்சாரம் போனதும் பெட்டிக்குள் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் உறங்கும். அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, நள்ளிரவில் எழும்பி மூடியைத் தளர்த்தி, 'உஸ்' என்ற சத்தம் கேட்டபின் திரும்பிப் படுப்பேன்.

வருகிற ஆவணிக்கு அடுத்த காய்ச்சல். இஞ்சியைக் கூட்டிச் சீனியைக் குறைப்பது என் கட்சி. மிளகு நாலு தட்டிப் போட்டால் இஞ்சியே அவ்வளவு வேண்டாம் என்பது மனைவியின் கட்சி. இடையில் மருமகன் மாமியின் செய்முறையைத் தானும் செய்யப் போகிறேன் என்று கிராம் கணக்குக் கேட்டுச் செய்தி அனுப்பினான்.

"போட்டுப் பார் ராசா. காணாட்டி இன்னும் கொஞ்சம் போடு" என்றார் மாமி.

அவனுடைய பியர் மென்பொருளில் அளவு என்ற கட்டத்துக்குள் எண்ணைத் தவிர வேறொன்றும் ஏறாதாம். நெடுநேரம் மல்லுக்கட்டிவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் 'காணாட்டி' என்று தமிழில் அடித்து வைத்திருக்கிறான்.