ஊறுகாய்க் குப்பியும் உதறல் கொள்கையும்: ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் ஹிட்ச் குறித்த ஒரு முன்னாய்வு

பாயிரம்

அமெரிக்கச் சாலைகளில் வீட்டையே பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்குத் தீராத ஐயம் ஒன்று உண்டு: குலுங்காத ஹிட்ச் (வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் பிடி) எது? இத்தகு தலையாய வினாவை அறிவுலகம் இதுகாறும் தீண்டாதது வியப்பளிக்கிறது. (ஆய்வேடு என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும். முன்பே யாரேனும் எழுதியிருந்தால், அவர் ஆழ்ந்து நோக்கவில்லை என்று சேர்த்துக்கொள்ளலாம்.) அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்

சாதாரண ட்ரெய்லர் வண்டியின் பம்பருக்குக் கீழே மாட்டப்படும். ஃபிஃப்த் வீல் என்னும் வகை அப்படியன்று. பிக்கப்பின் பாடிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே ஹிட்ச் உட்கார்ந்திருக்கும். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து பின் பாக்ஸ் (pin box) என்னும் இரும்புக் கை நீண்டு வரும். அதன் நுனியில் 2 அங்குல விட்டத்தில் ஒரு முளை: கிங்பின். ஹிட்சின் தாடை இதைக் கவ்வ வேண்டும். கவ்வியதும் வீடு நகரும்.

தாடை வகைகள்

ஒற்றைத் தாடை, இரட்டைத் தாடை, குறுக்குக் கம்பி என மூன்று. முளையை முழுதும் சுற்றிக் கவ்வுவது இரட்டைத் தாடை. குறுக்குக் கம்பி விலையில் குறைவு, ஓசையில் நிறைவு.

முன்னோர் கண்டது

விமானம் செய்து பேர் பெற்ற கிளென் கர்டிஸ், 1920களின் இறுதியில் ஏரோகார் என்றொரு ட்ரெய்லரை உருவாக்கினார். இழுக்கும் காரின் பின்பக்கத்தில் ஒரு விமான டயரைப் படுக்கவைத்து, அதன் நடுவே ட்ரெய்லரின் முளையைச் செருகினார். அதிர்ச்சியை டயரில் இருந்த காற்று வாங்கிக்கொண்டது. சிக்கல் அன்றே பாதி தீர்ந்துவிட்டது. ஆனால் தீர்ந்துபோன சிக்கலால் யாருக்கும் பதவி உயர்வு கிடைப்பதில்லை. ஆகவே ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதைப் புதிது புதிதாகக் கண்டுபிடித்து வருகிறார்கள்.

உதறல்

முளைக்கும் தாடைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். பிரேக் பிடித்தால் வீடு முன்னால் வந்து முட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் இழுக்கும். ஓட்டுநரின் முதுகில் யாரோ விட்டுவிட்டுக் குத்துவது போலிருக்கும். கான்கிரீட் சாலையின் இணைப்புக் கோடுகள் சம தூரத்தில் வந்தால் குத்துக்குத் தாளமும் அமைந்துவிடும். லூசியானாவில் அட்சஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் சுமார் 18 மைல் நீளும் பாலத்தில் இதைச் செவ்வனே ஆராயலாம். நடுவில் இறங்கி ஓட முடியாது என்பதால் தரவு முழுமையாகக் கிடைக்கும்.

ஊறுகாய்க் குப்பி அளவுகோல்

உதறலை அளக்கக் கருவிகள் உண்டு. அவற்றை இவ்வாய்வு ஏற்கவில்லை. அவை விடையைச் சொல்லிவிடுகின்றன. மாற்றாக, ட்ரெய்லர் ஃப்ரிட்ஜில் உள்ள வெள்ளரி ஊறுகாய்க் குப்பியை அளவையாகக் கொள்கிறோம்.

முதல் நிலையில் குப்பிக்குள் இருக்கும் நீர் மட்டும் அலையும். இரண்டாம் நிலையில் குப்பி கெட்ச்அப் புட்டியோடு மோதும். மூன்றாம் நிலையில் ஃப்ரிட்ஜ் கதவு தானே திறக்கும். நான்காம் நிலையில் குப்பி படுக்கையறையில் கண்டெடுக்கப்படும்.

நான்காம் நிலையில்தான் அறிஞர் பிளவுபடுகின்றனர். ஃபிஃப்த் வீலின் படுக்கையறை முன்பக்கம், பிக்கப்பின் பாடிக்கு மேலே இருக்கிறது. அதற்குப் படியேறித்தான் போக வேண்டும். குப்பி படியேறியது எவ்வாறு? 'பிரேக்கின் வேகத்தால் தானே ஏறிற்று' என்பர் ஏறினார் கட்சியினர் (மடக்கு நாற்காலிப் பெரியவர், வாய்மொழி, கேம்ப் மைதானம், முதல் கோப்பைக் காப்பி). 'இரவில் பசித்தவர் எடுத்துச் சென்று வைத்தார்' என்பர் எடுத்தார் கட்சியினர் (பெரியவரின் மனைவி, வாய்மொழி, ஜன்னல் வழியாக, பெரியவர் கேட்கும்படி). முதலாமவர் பின்னர்த் தம் கூற்றைத் தாமே மறுக்கிறார் (மேலது, மூன்றாம் கோப்பை, மேற்கு நோக்கி அமர்ந்து, காகித நாப்கினில் பதிவு, கெட்ச்அப் கறையால் ஈற்றுச் சொல் சிதைவு). சிதைந்த அச்சொல்லை 'ரப்பர்' எனப் பாடங்கொள்வாரும் உளர். 'ரம்' எனக் கொள்வாரும் உளர். இரண்டாவது பாடம் கருத்துக்கு ஒவ்வாதெனினும் பெரியவரின் நடைக்கு ஒத்து வருகிறது.

இப்பாடவேறுபாட்டை வைத்தே ஒருவர் முனைவர் பட்டம் வாங்கலாம். குப்பியைப் பார்க்க வேண்டியதில்லை. ட்ரெய்லரைப் பார்க்கவே வேண்டியதில்லை. பார்த்தால் நடுநிலை கெடும். மூலத்தைத் தொடாமல் உரைக்கு உரையெழுதிப் பேராசிரியரானோர் நம்மிடையே உளர்; அவர்களுள் ஒருவரே இக்கட்டுரைக்கு அணிந்துரை தர இசைந்துள்ளார், இன்னும் படிக்கவில்லை.

பின் பாக்ஸ் பேதங்கள்

ரப்பர் வைத்த பின் பாக்ஸ் முன்பின் உதறலை வாங்கிக்கொள்ளும். காற்றடிக்கும் வேலை இல்லை. ஏர் பேக் வைத்தது மேல்கீழ்க் குதிப்பை நன்றாக அடக்கும். ஆனால் காற்று குறைந்தால் அடியில் போய் இடிக்கும், கூடினால் வெறும் இரும்பாகிவிடும். காசு கொடுத்து ஏர் பேக் வாங்கி, காற்றழுத்தத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களே 'ஏர் பேக் சரியில்லை' என்ற பள்ளியைத் தோற்றுவித்தவர்கள். கிங்பின் பிடிக்குப் பதிலாகப் பிக்கப் பாடியில் உள்ள குண்டில் மாட்டும் கூஸ்நெக் வகையில் தாடை ஓசை இல்லை. எனினும் நெம்புகோல் நீளுவதால் ட்ரெய்லரின் சட்டத்துக்குப் பாரம் கூடும். சட்டம் செய்தவரின் உத்தரவாதம் அதற்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

முடிபு

ஹிட்ச் பாதிக் குற்றவாளிதான். பல ட்ரெய்லர்களில் பட்டை ஸ்பிரிங் மட்டும் உண்டு, ஷாக் அப்சார்பர் கிடையாது. மூக்கு தூக்கி நின்றாலும், சாமானெல்லாம் பின்னால் குவிந்தாலும் எந்த ஹிட்சும் காப்பாற்றாது. ட்ரெய்லர் எடையில் 15 முதல் 25 விழுக்காடு கிங்பின் மேல் இறங்க வேண்டும். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,400 பவுண்டு அளவில். லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் சில டாலருக்கு இது தெரிந்துவிடும். இவ்வளவு மலிவான முறையை எந்த ஆய்வாளரும் கையாளாதது இயல்பே.

எனவே முதலில் எடை, அடுத்து டயர்க் காற்று, பிறகு இடைவெளி இல்லாமல் கவ்வும் தாடை. அதற்கும் அடங்காவிட்டால் ரப்பர் பின் பாக்ஸ். ஏர் பேக், அழுத்தமானியைக் கையில் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். எதை வாங்கினாலும், மாட்டியவுடன் ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி பிக்கப்பை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். முளை தாடைக்குள் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தால், வீடு வந்து பிக்கப்பின் பாடி மேல் விழும்.