பல்பு எரிந்தால் எர்த் இருக்கிறதா?

எண்பதுகளில் சிவகங்கைப் பக்கம் ஒரு வீட்டுக்கு வயரிங் முடிந்ததும், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு ஹோல்டர், ஒரு 100 வாட்ஸ் பல்பு, கொஞ்சம் ஒயர். ஒரு முனையை பேஸில் வைத்து மறுமுனையை எர்த்தில் வைப்போம். பல்பு பளிச்சென்று எரிந்தால் வேலை முடிந்தது. கணக்கு என்ற பேச்சே கிடையாது.

அந்த வெளிச்சத்தை ஊரே நம்பியது. 100 வாட்ஸ் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. சித்திரை வெயிலில் மண் காய்ந்து, கரியும் உப்பும் போட்ட குழிக்கு யாரும் தண்ணீர் ஊற்றாமல், எர்த் ரெசிஸ்டன்ஸ் 50 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். பல்பு எரியும்போது குழியில் விழுவது சுமார் 20 வோல்ட்தான். மீதி 210 பல்புக்குப் போய்விடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதே வீட்டில் கிரைண்டர் பாடியில் பேஸ் பட்டால்? 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் பாடியில் நிற்கும், ஈரக்கையோடு மாவு தள்ளுகிறவர் வரும்வரை. ஒரு வகுத்தல் கணக்கு போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தச் சோதனையே ஆளைக் கொல்லக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். எர்த் ஒயர் குழிப்பக்கம் அறுந்திருந்தால் பல்பு எரியாது. ஆனால் எரியாத அந்தப் பல்பின் இழை வழியாகவே பேஸ் எர்த் ஒயரில் ஏறி, அதோடு சேர்ந்த பிரிட்ஜ், மோட்டார், அயர்ன்பாக்ஸ் எல்லாவற்றின் பாடிக்கும் போய்விடும். இங்கே நாம் பல்பைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, அடுப்படியில் ஒருவர் பிரிட்ஜைத் திறக்கப் போவார்.

இப்போது கரண்ட் கசிந்தால் லைனை அறுத்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிற வீட்டில் அந்தப் பல்பை வைத்தால் எரிவதற்குள் ஆர்சிசிபி விழுந்துவிடும். நல்ல காலம். ஆனால் கணக்கு பழக்கமானதும் அளப்பது போய்விட்டது. 2.5 ஸ்கொயர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு 7.41 ஓம், 1.5 ஸ்கொயருக்கு 12.1 ஓம், 20 மீட்டர் தள்ளி இருக்கிற பிளக் பாயின்ட்டுக்கு 2.5 பேஸில் போய் 1.5 எர்த்தில் வர 0.39 ஓம். கணக்கில் பிழையே இல்லை. ரிப்போர்ட்டிலும் 0.39 என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சுவருக்குள் எர்த் ஒயரை முறுக்கி டேப் மட்டும் சுற்றிவிட்ட ஜாயின்ட், பாதி திருகிய ஸ்க்ரூ எல்லாம் எந்த டேபிளிலும் வராது.

மெயினை ஆஃப் செய்து, கரண்ட் இல்லை என்று உறுதிசெய்து, டிபியில் அந்த லைனின் பேஸை எம்சிபியிலிருந்து கழற்றி எர்த்தோடு சேர்த்துக் கட்டி, பிளக் பாயின்ட்டில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 0.4-க்குப் பக்கத்தில் வந்தால் கணக்கும் கம்பியும் ஒத்துப்போகின்றன. 2 ஓம் காட்டினால் கரண்ட் கொடுத்துச் சோதிக்கப் போகவே கூடாது; முதலில் ஜாயின்ட்டைத் தேட வேண்டும். கரண்ட் கொடுத்துப் பார்க்கிற சோதனை எல்லாவற்றுக்கும் பிறகுதான், அதற்கென்று உள்ள மீட்டரோடு. குழியை மட்டும் கோடையில் அளக்க வேண்டும். ஐப்பசி மழையில் எடுத்த அளவு சித்திரைக்குச் செல்லாது.

போன மாதம் ஒரு புது வீட்டில் எர்த் பார்த்தாயா என்று ஒரு தம்பியைக் கேட்டேன். "டெஸ்ட் பட்டனை அமுக்கினேன் சார், டப்புன்னு விழுந்துச்சு. எர்த் சூப்பர்" என்றான். ஆர்சிசிபியில் இருக்கிற அந்த பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரண்டை விட்டு, உள்ளே இருக்கிற பொறி வேலை செய்கிறதா என்றுதான் பார்க்கிறது. எர்த் ஒயரே இழுக்காத வீட்டிலும் அது டப்பென்று விழும். மெயினை ஆஃப் செய்யச் சொல்லி, அடுப்படி பிளக் பாயின்ட்டைக் கழற்ற வைத்தேன். பச்சை ஒயர் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது, முனை சீவக்கூட இல்லை. மற்ற பெட்டிகளையும் அவனே கழற்ற ஆரம்பித்தான்.