பொறுமைக்கும் கட்டணம் உண்டு

கலிபோர்னியாவின் அனாஹெய்மில் 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். சவாரிகளுக்குச் சீட்டு தனி. 2024 அக்டோபரில், கூட்டம் அலைமோதும் நாட்களுக்கான ஒருநாள் சீட்டு 206 டாலரைத் தொட்டது. விலைவாசி ஏறவில்லையா என்பார்கள். ஏறியதுதான், அன்றைய 1 டாலர் இன்று ஏறத்தாழ 12 டாலர். சவாரிச் சீட்டுகளைத் தாராளமாகச் சேர்த்தாலும் 50 டாலருக்குள் அடங்கிவிடும். மிச்சத்தை மிக்கி மவுஸின் முதுமைக்கால மருத்துவச் செலவு என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டணம் ஏறினால் கூட்டம் குறையும், உள்ளே போனவர் நிம்மதியாகச் சுற்றலாம் என்பது ஒரு சமாதானம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1999-இல் வந்த ஃபாஸ்ட்பாஸ், நீண்ட வரிசையைத் தாண்ட இலவசமாக வழிவிட்டது. 2021-இல் அதைக் கைவிட்டு, அதே வசதியைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். 2024-இல் வரிசையைத் தாண்டவே பிரீமியர் பாஸ் என்ற தனிச் சீட்டும் வந்தது. அனாஹெய்மில் அதன் தொடக்க விலை 400 டாலர், நுழைவுச் சீட்டு நீங்கலாக. கூட்டம் உண்மையிலேயே குறைந்திருந்தால் இதை யார் வாங்குவார்கள்? வரிசை ஒழிந்தால் நட்டம் நிறுவனத்துக்குத்தான். பிடிக்காதவர் போகாமல் இருக்கலாமே என்றால், இருக்கலாம். அதை வீட்டிலுள்ள ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்லும் துணிச்சல் வேண்டும். ஆகவே, இரண்டாவது சீட்டையும் வாங்க முடிந்தவருக்கே முதல் சீட்டு கட்டுபடியாகும். மற்றவர்கள் தங்கள் பொறுமையை விற்பனைச் சரக்காக்கிக் கொடுத்து, அதற்கான காசையும் தாங்களே கட்டுகிறார்கள்.